சக்கரம் உருளும் தெரு யாருடையது?

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஸ்கேட்போர்டிங் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் சிரித்தார். ஆணவக்கொலை நடக்கிற நாட்டில் நாலு சக்கரப் பலகைக்கு என்ன அவசரம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்த உரை.

ஸ்கேட்போர்டின் சக்கரம் மிகச் சிறியது. குறுக்கே ஒரு சரளைக்கல் கிடந்தால் போதும், பலகை நின்றுவிடும். மேலே நிற்பவர் விழுவார். அதற்கு வழவழப்பான, உடைப்பில்லாத தளம் வேண்டும். இப்போது உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். சிமெண்ட் சாலை எந்தத் தெருவோடு நிற்கிறது? மண்பாதை எங்கே தொடங்குகிறது? பஞ்சாயத்துக் கணக்கில் தெரியாததை அந்தச் சின்னச் சக்கரம் காட்டிக்கொடுத்துவிடும்.

மேற்கு நாடுகளில் இந்த விளையாட்டின் மீதுள்ள புகார்கள் பழையவை: சத்தம், சேதம், வேலையற்ற பையன்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லவ் பார்க்கில் ஸ்கேட்போர்டிங்கைத் தடை செய்தார்கள். அந்தப் பூங்காவைக் கருத்தரித்த நகரத் திட்டமிடலாளர் எட்மண்ட் பேக்கன், 2002இல் தன் 92 வயதில், தடையை எதிர்த்து அங்கேயே பலகை மீது ஏறி நின்றார். லண்டன் சவுத்பேங்கில் 1970களிலிருந்து இளைஞர்கள் பயன்படுத்திவந்த இடத்தைக் கடைகளாக்கத் திட்டமிட்டார்கள். பெரும் இயக்கம் நடத்தி 2014இல் அதைக் காப்பாற்றினார்கள். பல நகரங்களில் திண்டுகளின் விளிம்பில் இரும்புக் குமிழ் பதிக்கிறார்கள், பலகை வழுக்கக் கூடாது என்பதற்காக. வீடற்றவர் படுக்கக் கூடாது என்று பெஞ்சின் நடுவில் கம்பி வைப்பதும் இதே புத்திதான். பொது இடம் என்று பெயர். ஆனால் காசு செலவழிக்காதவர் அங்கே நிற்கக் கூடாது.

“தெரு எல்லோருக்கும் சொந்தம்” என்ற அவர்களுடைய முழக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. அங்கே பொதுவாக இருந்த தெரு பறிபோகிறது. இங்கே தெரு பொதுவாக இருந்ததே இல்லை. 1893இல் அய்யங்காளி வில்வண்டி ஏறித் திருவிதாங்கூரின் பொதுச்சாலையில் போனார். சக்கரம் உருள்வதே அன்று கலகம். 1924இல் வைக்கத்தில் கேட்டது கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமையை மட்டுமே. மகாடில் குளம் சட்டப்படி திறந்துதான் இருந்தது. 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டாயிற்று, மறு ஆண்டு நகராட்சியும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் 1927 மார்ச்சில் அம்பேத்கரோடு போய்த் தண்ணீர் குடித்தவர்கள் அடிபட்டார்கள். காகிதத்தில் திறப்பது வேறு, காலடி படத் திறப்பது வேறு.

இந்த இடத்தில்தான் ஜன்வார் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மத்தியப் பிரதேசம் பன்னா மாவட்டத்தில் உள்ள கிராமம். யாதவர்கள் ஒரு பக்கம், ஆதிவாசிகள் ஒரு பக்கம். 2015இல் உல்ரிக் ரெய்ன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண் அங்கே ஒரு ஸ்கேட்போர்டிங் தளம் அமைத்தார். விதிகள் இரண்டு. பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை. பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே சிமெண்டில் ஏறினார்கள். கோண்டு ஆதிவாசிப் பெண் ஆஷா கோண்டு 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவுக்காக இறங்கினார்.

இந்த விளையாட்டைப் புதிதாகக் கற்பவருக்குத் தனியாக நிற்பது கடினம். பலர் இன்னொருவர் கையைப் பிடித்துத்தான் பழகுகிறார்கள். ஒருவர் கால் வைத்த பலகையில் அடுத்தவர் கால் வைக்கிறார். விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் தூக்குகிறார். தொடாதே என்பதில்தான் சாதி நிற்கிறது. தொடாமல் இதைச் சேர்ந்து பழகுவது கடினம். ஒரு சிமெண்டுத் தளம் சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நிலம் யாரிடம் இருக்கிறதோ அங்கேயே இருக்கிறது, கல்யாணம் சாதிக்குள்ளேயே நடக்கிறது. ஆனால் சாதி பழக்கத்தால் கற்றுத்தரப்படுவது. அந்தப் பழக்கத்தைப் பத்து வயதில் உடைக்க ஓர் இடம் கிடைத்தால் அது சின்ன விஷயமல்ல.

இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று, மீட்பர் கதை. 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஸ்கேட்டர் கேர்ள்’ படத்தில் லண்டனிலிருந்து வரும் பெண் ராஜஸ்தான் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தளம் அமைத்துத் தருகிறார். படப்பிடிப்புக்காகக் கட்டிய தளம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே விடப்பட்டது, நல்லது. மாமல்லபுரத்துச் சிறுமி கமலியைப் பற்றிய ஆவணப்படம் உலகம் சுற்றியது, மகிழ்ச்சி. ஆனால் நல்ல மனம் கொண்ட ஒருவர் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டுமா? பஞ்சாயத்தும் நகராட்சியும் எதற்கு இருக்கின்றன? உரிமையாகக் கேட்க வேண்டியதை நாம் அன்பளிப்பாக வாங்கப் பழகக் கூடாது.

இரண்டு, தனி இடம். “காலனிக்குத் தனி மைதானம் தருகிறோம்” என்பார்கள். தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, தனிக் குவளை தந்தவர்களின் மொழி அது. ஜன்வாரில் மதிக்கத்தக்கது அங்கே போட்ட சிமெண்ட் அல்ல. அது இரு பக்கத்துக்கும் பொதுவாக இருந்ததுதான். சேரிக்குள் ஒரு தளத்தைக் கட்டிவிட்டு ஊர்த்தெருவை மூடியே வைத்தால், தீண்டாமைக்குப் புதுச் சிமெண்ட் பூசியதாகத்தான் ஆகும்.

ஆகவே கேட்பது இதைத்தான். விளையாட்டிடம் கட்டும்போது ஊருக்கும் சேரிக்கும் நடுவே, இருவரும் நடந்து வரும் தூரத்தில் கட்டுங்கள். நுழைவுக் கட்டணம் வேண்டாம். பலகைகள் பொதுவில் இருக்கட்டும், ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சொந்தமாக வாங்கக்கூடியவருக்கு மட்டும் என்று ஆகக் கூடாது. பெண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை விதியாகவே எழுதப்படட்டும்.

சென்னையில் பலகையோடு சுற்றும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். காவலாளி உங்களை விரட்டும்போது வரும் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை உங்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதே வாசலில் பலகை இல்லாமலே, பார்த்த மாத்திரத்தில் விரட்டப்படுகிறவர் ஒருவர் இருக்கிறார். அடுத்த முறை இடம் கேட்கும்போது அவரையும் சேர்த்துக் கேளுங்கள்.