நேதாஜியின் உடன்படிக்கையும் சயாம் தண்டவாளமும்



'எதிரிக்கு எதிரி நண்பன்' என்று நேதாஜியின் இராஜதந்திரத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார், எனக்கு முன் பேசிய நண்பர். அது அவ்வளவு சுலபமான கணக்கல்ல.

1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்தார். இந்திய விடுதலையை ஆதரித்து ஓர் அறிக்கை கேட்டார், கிடைக்கவில்லை. 1943 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கியில் புறப்பட்டு, மடகாஸ்கர் அருகே நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். ஜூனில் தோக்கியோவில் பிரதமர் தோஜோவைப் பார்த்தார். அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். ஒன்பது அரசுகள் அங்கீகரித்தன. அவற்றில் மஞ்சுகுவோ போன்ற பொம்மை அரசுகளும் உண்டு, அதையும் சொல்லத்தானே வேண்டும்?

கையில் நாடில்லாத ஒருவர் எதைக் காட்டிப் பேரம் பேசினார்? நம்மவர்களைத்தான். கோலாலம்பூர் கூட்டத்தில் காதணிகளைக் கழற்றிக் கொடுத்த ஜானகி தேவருக்கு அப்போது வயது பதினெட்டு. பிறகு ஜான்சி ராணிப் படையின் துணைத் தளபதியானார். தோட்டப் பாட்டாளிகள் துப்பாக்கி ஏந்தினார்கள். 'கூலி' என்று கூப்பிடப்பட்டவனுக்குச் சிப்பாய் என்ற பெயர் கிடைத்தது. அதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள்.

ஆனால் அதே ஜப்பானியர்தான் அதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் காட்டுக்கு அனுப்பினார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை. அது இணைந்த நாள் 1943 அக்டோபர் 17. தற்காலிக அரசு பிறந்ததோ நான்கு நாள் கழித்து! காலராவிலும் பட்டினியிலும் மாண்டவர்களைக் காக்கும் பலம் அந்த அரசுக்கு இல்லை. சயாமுக்குப் பிடிபடாமல் தப்பவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு.

அந்தமானைப் பாருங்கள். நவம்பரில் தோஜோ தருவதாக அறிவித்தார், டிசம்பரில் நேதாஜி கொடியேற்றினார். நிர்வாகியாகப் போன லோகநாதன் கையில் பெரும்பாலும் கல்வித் துறை மட்டுமே இருந்தது. மற்றதெல்லாம் ஜப்பானியக் கடற்படையிடம். பெயர் நமக்கு, பிடி அவர்களுக்கு.

ஆகவே நேதாஜி ஏமாந்தார் என்கிறேனா? இல்லை, நடுவர் அவர்களே. தெரிந்தேதான் கைகோத்தார் என்கிறேன். அதற்கான விலையில் ஒரு பங்கை அவரைக் கண்ணாலும் பார்த்திராத தோட்டத்துக் குடும்பங்கள் கொடுத்தன.

என் தாத்தா ஐ.என்.ஏ.வில் இருந்தவர். அவருடைய அண்ணன் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. நேதாஜி படத்துக்குத் தவறாமல் மாலை போடுவார் தாத்தா. யாராவது சயாம் பேச்செடுத்தால் மட்டும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.