லண்டன் போன ஒலிநாடா

ஜமைக்கா, கரும்புத் தோட்டங்கள் நிறைந்த தீவு. அங்கே தாமே பாட்டெழுதிப் பாடியவர் பாப் மார்லி. 1972இல் தம் 'வெய்லர்ஸ்' குழுவினருடன் கிங்ஸ்டனில் ரெகே பாட்டுகளைப் பதிவு செய்தார். தாள அடிகளுக்கு இடையே கித்தார் வெட்டி ஒலிப்பது ரெகே. மேல்நாட்டு ராக் ரசிகர்களுக்கு அது புதிது. ஆகவே, உடன் தயாரித்த கிறிஸ் பிளாக்வெல் ஒலிநாடாவை லண்டனில் வைத்து, வேறு கலைஞர்களின் கித்தாரும் விசைப்பலகை இசையும் சேர்த்தார். 1973இல் 'கேட்ச் எ ஃபயர்' வெளிவந்தது. அடிமைகளை விரட்டி வேலை வாங்கியவனைப் பற்றியும் அதில் ஒரு பாட்டு உண்டு. நம் பாட்டன்மார் கேட்டிருந்தால் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள்!

ஜமைக்காவில் பதிந்த வடிவம் 2001இல்தான் விற்பனைக்கு வந்தது. இரண்டையும் கேட்டோம். லண்டன் மெருகு இனிமைதான். உலகத்தின் காதுக்குப் பாட்டைக் கொண்டுபோனதும் அதுவே. ஆனாலும் நாம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது கிங்ஸ்டன் பதிவைத்தான்.