அண்ணன் போன பிறகு

(பொன்விழா வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பலதுறைத் தொழிற்கல்லூரியில் நாங்கள் படித்த கணக்கில் வாடகை, சரக்கு, சம்பளம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. நல்ல ஆள் விலகிப் போனால் வரும் நட்டத்தை எங்கள் மளிகைக் கடையில்தான் கற்றோம்.

அத்தா காலத்திலிருந்து 12 ஆண்டுகள் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் விலகல் கடிதம் கொடுத்தார். "200 வெள்ளி கூட்டித் தருகிறோம்" என்றோம்.

"காசுக்காக இல்ல தம்பி. சரக்கு குறைஞ்சா மட்டுந்தான் இந்தக் கடையில என் பேரு கேக்குது" என்றார்.

ஒப்பந்தத்தில் வேறு கெடு இல்லையென்றால், 5 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர் 4 வார முன்னறிவிப்புக் கொடுத்தால் சிங்கப்பூர்ச் சட்டத்துக்குப் போதும். ஆனால் 12 ஆண்டு அனுபவத்தை 4 வாரத்தில் யார் கற்றுக்கொள்வது? எந்த உணவகத்துக்கு எந்த அரிசி, யார் மாதக் கடைசியில் பணம் கட்டுவார் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தன. புதிதாக வந்த இருவர் 3 மாதம்கூட நிற்கவில்லை. சரக்கு மாறிப் போனதால் 2 உணவகங்கள் எங்களை விட்டுப் போயின. நாங்கள் இழந்தது அந்த 200 வெள்ளியைப் போலப் பல மடங்கு.

மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்கச் சொல்கிறது சட்டம். நாங்கள் ஒருமுறையும் தவறியதில்லை. அதுவே போதும் என்று இருந்துவிட்டோம். இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, அவர்கள் கேட்பதற்கு முன்பே நாங்கள் உட்கார்ந்து பேசுகிறோம். நல்ல வேலையை வாடிக்கையாளர் முன்னாலேயே பாராட்டுகிறோம்.

நம்மில் பலருடைய பாட்டனார்கள் கப்பலேறி வந்து, பிறர் கடையில் நின்றவர்கள்தாம். கல்லாவில் உட்காரும்போது அதை மறக்க வேண்டாம்.