தோற்றம் தந்த பெயரும் ஆய்வு தந்த உண்மையும்

அண்ணல் அம்பேத்கர் காட்டிய கல்விப் பாதையில் இருபத்தைந்து ஆண்டுகள் நடந்துவந்த நம் சங்கத்தின் வெள்ளிவிழாவில், விண்ணியல் குறித்துச் சில கூற விழைகிறோம்.

வானில் ‘கோள்வடிவ நெபுலா’ என்று வழங்கும் ஒளிமுகில்கள் உள்ளன. 1781-ஆம் ஆண்டில் யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷல், தம் தொலைநோக்கியில் கோள்களைப் போல வட்டமாகத் தெரிந்த இவற்றுக்கு அப்பெயரைச் சூட்டினார். உண்மையில் கோள்களுக்கும் இவற்றுக்கும் யாதொரு உறவும் இல்லை. தொலைவில் நின்று பார்த்தவர் இட்ட பெயர் இரண்டு நூற்றாண்டு கடந்தும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தகைய பெயர்களின் இயல்பை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

1864-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஹக்கின்ஸ், ‘பூனைக்கண்’ நெபுலாவின் ஒளியை நிறமாலைகாட்டியால் பிரித்து நோக்கினார். விண்மீன்களுக்குரிய தொடர்ந்த வண்ணப்பட்டை காணப்படவில்லை. தனித்தனி ஒளிக்கோடுகளே தெரிந்தன. அது ஒளிரும் வாயு என்பது தெளிவாயிற்று.

அவ்வாயு வந்தது விண்மீனிலிருந்தே. சூரியனைப் போன்றவையும், அதனினும் ஏறத்தாழ எட்டு மடங்குவரை நிறையுடையவையுமான விண்மீன்கள் முதுமையில் ஊதிப் பெருத்துச் செம்பெருமீன்களாகின்றன; பின் தம் மேலடுக்குகளை விண்வெளியில் உதறுகின்றன. எஞ்சிய உட்கருவின் வெப்பம் 30,000 டிகிரியளவு உயரும்போது, அதன் புறஊதாக் கதிர்கள் அந்த வாயுவை ஒளிரச் செய்கின்றன. சில பதினாயிரம் ஆண்டுகளில் முகில் கலைந்துவிடும். உட்கரு, பூமியின் அளவினதான வெண்குறுமீனாகி மெல்லக் குளிரும்.

விண்மீன் உருண்டையானது, அது உதறிய முகிலும் உருண்டையாகவே இருக்குமென எண்ணத் தோன்றும். ஆயினும் பெரும்பாலானவை முட்டை வடிவிலோ, மணற்கடிகாரம் போன்றோ, பட்டாம்பூச்சி போன்றோ காணப்படுகின்றன. இதற்கு முதன்மையான காரணம் துணைமீன் என்பது இன்றைய ஆய்வாளர் கருத்து. துணைமீனின் ஈர்ப்பால் வாயு இடுப்புக் கச்சைபோல் நடுவில் அடர்கிறது. பின்னர் உட்கருவிலிருந்து விரைந்து வரும் காற்று அவ்வடர்த்தியைத் துளைக்க இயலாமல் இருபுறமும் பீறிட, சிறகுகள் தோன்றுகின்றன. 2022-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த தென்வளைய நெபுலாவின் படங்களை ஆராய்ந்தோர், அதன் நடுவே இரண்டுக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இருந்திருக்க வேண்டுமென்று கருதினர்.

இவ்வறிவு, வசதி படைத்தோர் மட்டும் தேடித் தந்ததன்று. ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்கா சென்ற வில்லியமினா பிளெமிங், ஹார்வர்டு வானாய்வக இயக்குநரின் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். அவரே பின்னர் அவ்வாய்வகத்தில் அமர்ந்து, புகைப்படத் தகடுகளை ஆராய்ந்து 59 வாயு நெபுலாக்களைக் கண்டறிந்தார்.

முதிய விண்மீன்கள் உதறிய வாயுவில் கரியும் நைட்ரஜனும் உண்டு. அவை கலந்த முகிலிலிருந்தே சூரியனும் பூமியும் பிறந்தன. நம் அனைவர் உடலிலும் அவையே உள்ளன. ஓர் உடல் தூயது, மற்றோர் உடல் தீட்டு என்று சொல்ல அவ்வணுக்களில் இடமேயில்லை.

இளைஞர்களே! பிறர் இட்ட பெயரோடு நின்றுவிடாதீர்கள். ஹக்கின்ஸ் ஒளியைப் பிரித்துப் பார்த்ததுபோல், எதனையும் பிரித்துப் பார்த்து உண்மை காணுங்கள். அதற்குரிய கருவியைக் கையில் தருவதற்கே இச்சங்கம் தோன்றியது.