பக்கத்து மனைப் புல்லும் மீத்தேன் கணக்கும்

(ஜனவரி மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பொங்கல் நேரத்தில் மீத்தேன் பேச்சு எதற்கு என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கிழக்குச் சுவரை ஒட்டிய காலி மனையில், வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு இடுப்பளவு புல் நிற்கிறது. மாசியில் காய்ந்துவிடும். பங்குனியில் யாராவது தீ வைப்பார்கள். பிற்பகல் கடற்காற்று புகையை நேராக ஏ, பி பிளாக் வீடுகளுக்குள் கொண்டுவரும். ஆண்டுதோறும் நடப்பதுதான். இந்த முறை உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, நாமே முன்கூட்டிக் கொளுத்திவிடலாம் என்ற யோசனை இன்று கூட்டத்தின் முன் இருக்கிறது. அதற்கு ஆதரவாக நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியும் சுற்றியது: ஆஸ்திரேலியாவில் புல்லைக் கொளுத்துகிறவர்களுக்குப் பணம் தருகிறார்களாம்.

செய்தி பொய்யில்லை. ஆனால் பாதிதான் வந்திருக்கிறது.

டார்வின் நகருக்கு வடக்கே கடலில் டிவி தீவுகள் இருக்கின்றன. தொலைக்காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அங்கு வாழும் பூர்வகுடிகளின் பெயர் அது. மெல்வில், பாத்தர்ஸ்ட் என்று இரண்டு பெரிய தீவுகள். யூகலிப்டஸ் மரங்கள், அவற்றின் கீழே உயரமான புல். மழைக்காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. பிறகு எல்லாம் காயும். ஆகஸ்டுக்குப் பிறகு தீப்பிடித்தால் புல்லோடு நிற்காது, விழுந்து கிடக்கும் மரங்களையும் சேர்த்துப் பெரும்பரப்பு எரியும். அதனால் மே முதல் ஜூலைக்குள், ஈரம் முழுதும் போவதற்கு முன்பே, திட்டுத்திட்டாகச் சிறு தீ வைக்கிறார்கள். இரவுப் பனியில் அது தானாக அணையும். பின்னால் பெருந்தீ வந்தாலும் எரிந்த திட்டுகளைத் தாண்டிப் பரவுவது கடினம்.

இதில் பணம் எங்கே வருகிறது? புல் எரிந்து வெளிவரும் கரியமில வாயுவை அடுத்த ஆண்டுப் புல் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் புல் எடுத்துக்கொள்ளாது. மொத்தத்தில் எரிவது குறைந்தால் இவையும் குறையும். அந்தக் குறைவுக்குத்தான் பணம். டார்வினுக்குக் கிழக்கே, மேற்கு ஆர்னம் லேண்டில் 28,000 சதுர கிலோமீட்டரில் 2006ல் இது தொடங்கியது. 2012ல் அரசே கணக்கு முறையை வகுத்தது. டிவி தீவுகளிலும் இப்படி ஒரு திட்டம் உண்டு. நமக்கு அருகே கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்களும் முன்பு கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குத் தீ வைத்து வந்தவர்கள்தான்.

ஆக, அங்கே எப்படியும் தீ வரும், பெரிய தீயா சின்னத் தீயா என்பதே கேள்வி. நம் பக்கத்து மனையில் தீ தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் தீப்பெட்டியோடு வருகிறார். அங்கே இல்லாத மூன்றாவது வழி நமக்கு இருக்கிறது. தவிர, இப்போதே பாதிப் பச்சையாகக் கொளுத்தினால் புல் சுடர்விட்டு எரியாது, புகைந்து கிடக்கும். அரைகுறையாக எரியும்போதுதான் ஒவ்வொரு கிலோவுக்கும் மீத்தேன் அதிகம்.

எண்களைப் பார்ப்போம். மனையில் ஒரு டன் காய்ந்த புல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.சி.சி. கணக்கு முறைப்படி அது எரிந்தால் மீத்தேன் சுமார் 2.3 கிலோ. நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பமூட்டும் என்று கொண்டால், ஒரு கார் டேங்க் பெட்ரோலுக்குச் சமம். உள்ளதைச் சொன்னால், இது சின்னது. ஆனால் அதே புகையில் கார்பன் மோனாக்சைடு 65 கிலோ, நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள் 5 கிலோவுக்கு மேல். அது வளிமண்டலத்துக்குப் போவதற்கு முன் நம் படுக்கையறைக்கு வருகிறது.

சரி, வெட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டால்? அங்கேதான் எனக்கே ஆச்சரியம். ஒரு டன் தோட்டக் கழிவு உயரமான குப்பை மேட்டுக்குள் காற்றில்லாமல் புதைந்தால், அதே கணக்கு முறைப்படி, பல ஆண்டுகளில் 50 கிலோவுக்கு மேல் மீத்தேன் வரும். எரிப்பதைவிட இருபது மடங்குக்கும் அதிகம். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட மேடுகளுக்குள் ஊறும் மீத்தேனும் தீக்குத் தீனி.

அதனால் என் யோசனை: வெட்டுவோம், வெளியே அனுப்ப வேண்டாம். நம் வேப்ப மரங்கள், தென்னைகளின் அடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் போதும். கோடையில் தண்ணீரும் மிச்சம். மீதமிருந்தால் உரக்குழி. ஆனால் குழியைக் கிளறாமல் தண்ணீர் தேங்க விட்டால் அதுவும் மீத்தேன் விடும், எனவே வாரம் ஒருமுறை புரட்ட ஆள் வேண்டும்.

பாம்பு என்பீர்கள். தீ வைத்தால் பாம்பு ஓடிவருவது நிழலும் தண்ணீரும் உள்ள நம் சுவருக்கு இந்தப் பக்கம்தான். வடநெம்மேலியில் 1978லிருந்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கும் கடற்கரை இது, விவரம் தெரிந்தவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள். வெட்டும் நாளுக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. சங்கத்தின் பெயரில் தீர்மானம் போட்டுக் கொளுத்தினால் அபராதமும் சங்கத்தின் பெயரில்தான் வரும்.

மனை உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கும் வேலையைச் செயலாளர் எடுத்துக்கொள்ளட்டும். புல் வெட்டும் இயந்திரத்துக்கும் ஆளுக்கும் ஒருநாள் வாடகை, வீட்டுக்குப் பங்கு பிரித்தால் ஒரு டிபன் செலவுகூட ஆகாது. விதை உதிர்வதற்கு முன், தை முடிவதற்குள் வெட்டியாக வேண்டும். ஒப்புதல் உள்ளவர்கள் கை தூக்குங்கள்.