வேலை போனா வெட்கம் எதுக்கு?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் ஒரு குழுவின் சேமிப்பு நோட்டைப் பார்த்தேன். தவறாமல் சந்தா கட்டுகிற ஒரு அக்கா இரண்டு மாசமாகக் கூட்டத்துக்கே வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால், "உடம்பு சரியில்ல தாயி"ன்னு சொன்னாங்க. உள்ளே, திருப்பூருக்கு வேலைக்குப் போன மகன் கட்டிலில் படுத்திருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. ஏன்னா, இது எங்க வீட்டிலும் நடந்த கதை.

2009-ல் நான் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த எங்க அண்ணன் ஒருநாள் பையோடு வந்து நின்றான். "ஆர்டர் இல்ல, சொல்லி அனுப்புறோம்"னு சொல்லிவிட்டார்களாம். அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. குழுவுக்குத் தெரிந்தால் கேவலம் என்று, தோட்டை அடகு வைத்து, கந்து வட்டிக்கு வாங்கி, சந்தாவை மட்டும் கட்டிவந்தது. மூணு மாசம் கழித்துத்தான் குழுவுக்குத் தெரிந்தது. "எங்ககிட்ட சொல்லாம வேற யாருகிட்டடி சொல்லுவ?"ன்னு எல்லாரும் திட்டினார்கள். அப்புறம் தீர்மானம் போட்டு உள்கடன் கொடுத்து, அந்த வட்டிக் கடனை அடைத்தார்கள். நான் காலேஜ் போனது அதனால்தான்.

அண்ணன் என்ன தப்பு செய்தான்? ஒண்ணுமில்லை. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்கிற பெரிய நிதி நிறுவனம் திவாலானது. அங்கே ஜனங்கள் துணி வாங்குவதைக் குறைத்தார்கள். அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் நம்பியிருந்த திருப்பூரில் தையல் மிஷின் நின்றது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தப்ப, கம்பம், போடியிலிருந்து கேரளா ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போன பெண்களுக்கு வேலை நின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம்ம நாட்டுப் பொருளுக்கு 50 சதவீதம் வரி போட்டப்பவும் திருப்பூருக்குத்தான் அடி. எங்கோ இடி விழுந்தால் நம்ம அடுப்பு அணைகிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சரி, என்ன செய்யலாம்?

முதலில், குழுவில் சொல்லுங்க. சந்தா கட்ட முடியாவிட்டாலும் கூட்டத்துக்கு வாங்க. உறுப்பினர்கள் பேசி, தவணையைத் தள்ளிவைக்கத் தீர்மான நோட்டில் எழுதலாம். வங்கிக் கடன் என்றால் தவணை தவறுவதற்கு முன்னாடியே மேனேஜரைப் போய்ப் பாருங்க.

இரண்டாவது, கம்பெனியிலிருந்து வரும்போது வெறுங்கையோடு வரக்கூடாது. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பி.எஃப். நம்பர், ஈ.எஸ்.ஐ. அட்டை எல்லாம் கையில் இருக்கணும். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் தரவேண்டும் என்பது சட்டம். தரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், வேலையிழந்தவருக்குச் சிறிது காலம் பணம் தர 2018-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அதை அவ்வப்போது நீட்டித்து வந்தார்கள். இப்போது உண்டா என்று ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேளுங்க. காண்ட்ராக்டில் போகிற பிள்ளைகளிடம் கையில் ஒரு தாளும் இருக்காது. அதனால் போகும்போதே கேட்டு வாங்கச் சொல்லுங்க.

மூணாவது, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதீங்க. வாசலில் வந்து நிற்கிற நுண்கடன் கம்பெனிக்கும் கட்டுப்பாடு உண்டு. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் போட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது. மிரட்டினால் ஒருத்தியாகப் போகாமல் குழுவாகப் போய்ப் புகார் கொடுங்க.

நாலாவது, உள்ளூர் வேலை. நூறு நாள் வேலை 2008 ஏப்ரலில்தான் நம்ம மாவட்டத்துக்கு வந்தது. அதே வருஷக் கடைசியில் திருப்பூர் படுத்தப்ப பல வீட்டுக்கு அதுதான் கஞ்சி ஊற்றியது. 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக 125 நாள் என்று புதுச் சட்டம் நிறைவேறியது. எதுவானாலும் வேலை கேட்டு எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்க. சும்மா வாயால் கேட்டால் கணக்கில் வராது. தேங்காய், இலவம் பஞ்சு, மாங்காய் நம்ம மண்ணில் இருக்கு. ஆனால் கையில் இருக்கிற கடைசிக் காசையும் போட்டுப் பெரிதாகக் கடை வைக்காதீங்க. சின்னதாகத் தொடங்கி, ஆண்டிபட்டி சந்தையில் விற்றுப் பார்த்து, அப்புறம் கடன் கேளுங்க.

கடைசியாக ஒண்ணு. வேலை போன மனுஷனை "தண்டச்சோறு"ன்னு சொல்லாதீங்க. அந்தச் சொல்தான் சிலரைச் சாராயக் கடைக்கும், சிலரை விபரீத முடிவுக்கும் தள்ளுகிறது. அதற்காக அவர் அடித்தால் பொறுத்துப் போகணும் என்று அர்த்தமில்லை. அதையும் குழுவில் சொல்லுங்க. 181-க்குப் போன் போடுங்க.

எங்க அண்ணன் எட்டு மாசம் கழித்துத் திரும்ப வேலைக்குப் போனான். அந்த எட்டு மாசமும் எங்களைத் தாங்கினது பன்னிரண்டு பெண்கள்.

இந்தக் கூட்டம் முடிந்து போகும்போது, இன்றைக்கு வராத அந்த அக்கா வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டுப் போங்க. சந்தா கேட்க வேண்டாம். சாப்பிட்டாங்களா என்று கேளுங்க.