சேயின் மூளையும் தைராய்டு சுரப்பியும்



நாளமில்லாச் சுரப்பிகளின் உடற்கூறும் இயக்கமும் பற்றிய இந்த மாநாட்டைத் தமிழிலேயே நடத்தத் துணிந்த அமைப்பாளர்களுக்கு முதலில் என் நன்றி. தலைமையுரை என்றால் பிட்யூட்டரியில் தொடங்கி அட்ரீனல், கணையம் என்று எல்லாச் சுரப்பிகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது வழக்கம். அந்த வேலையை இங்கே அமர்ந்திருக்கும் வல்லுநர்கள் இரண்டு நாளும் என்னைவிடச் சிறப்பாகச் செய்யப் போகிறார்கள். நான் ஒரே ஒரு சுரப்பியை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் மனித வாழ்வின் முதல் சில வாரங்களில் அது செய்யும் ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். காரணம் இதுதான்: உடலியங்கியல் தனக்குத் தெரிய வேண்டியதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும், அந்த அறிவு நம் நாட்டுக் குழந்தைகளில் பலரை இன்னும் எட்டாமல் நிற்பது இங்கேதான்.

தைராய்டு சுரப்பி குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலின் முன்புறத்தைத் தழுவியபடி இரண்டு மடல்களாக இருக்கிறது. வளர்ந்தவரிடத்தில் அதன் எடை ஏறக்குறைய 15 முதல் 20 கிராம். ஆனால் அது தோன்றும் இடம் கழுத்து அல்ல. கரு உருவான நான்காவது வாரத்தில் நாக்கின் அடித்தளத்தில் ஒரு சிறு தடிப்பாக முளைத்து, அங்கிருந்து இறங்கி ஏழாவது வாரத்தில் தன் இடத்தை அடைகிறது. இந்தப் பயணம் சில கருக்களில் பாதியிலேயே நின்றுவிடும். சுரப்பி நாக்கின் அடியிலேயே சிறிதாகத் தங்கிவிடும். வேறு சில கருக்களில் சுரப்பியே உருவாவதில்லை. இன்னும் சிலரிடம் சுரப்பி சரியான இடத்தில் சரியான வடிவில் இருந்தும், ஹார்மோனைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்று குறைபட்டிருக்கும். மூன்றுக்கும் விளைவு ஒன்றே: பிறவித் தைராய்டு குறைபாடு.

மாணவர்கள் இந்தச் சுரப்பியின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் ஒருமுறையாவது நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வட்ட வட்டமான நுண்பைகள், அவற்றைச் சுற்றி ஒரே அடுக்குச் செல்கள், நடுவே இளஞ்சிவப்பாகச் சாயம் ஏறிய கூழ். இரத்தத்தில் ஓடும் மிகச் சிறிதளவு அயோடினை இந்தச் செல்கள் இழுத்து, கூழிலுள்ள தைரோகுளோபுலின் என்ற புரதத்தோடு பிணைக்கின்றன. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது தைராக்சின். மூன்று கொண்டது டி3. மற்ற நாளமில்லாச் சுரப்பிகள் தம் சரக்கைச் செல்லுக்குள்ளேயே வைத்திருக்க, தைராய்டு மட்டும் அதைச் செல்லுக்கு வெளியே, இரண்டு மூன்று மாதத் தேவைக்குச் சேர்த்து வைக்கிறது. அயோடின் எப்போதும் கிடைக்கும் என்று நம்ப முடியாத உலகில் உருவான உடலின் முன்னேற்பாடு இது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் அமைப்பு.

இந்தச் சுரப்பி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவம் வலியோடுதான் கற்றது. 1850இல் லண்டன் அறுவை மருத்துவர் கர்லிங், வளர்ச்சி குன்றி இறந்த இரண்டு குழந்தைகளின் உடலைத் திறந்து பார்த்தபோது தைராய்டைக் காணவில்லை. பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் கோக்கர், தைராய்டு வீங்கிய கழலைக்காகச் சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்ட தம் பழைய நோயாளிகளை மீண்டும் வரவழைத்துப் பார்த்தார். பலர் உடல் உப்பி, பேச்சும் சிந்தனையும் மந்தமாகி இருந்தார்கள். அதை அவர் மறைக்கவில்லை. 1883இல் சக மருத்துவர்கள் முன்னிலையில் அறிவித்து, கழலைக்கு இனி முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. அறுவைத் திறமைக்கு இணையாக அந்த நேர்மையையும் நாம் போற்ற வேண்டும். 1891இல் இங்கிலாந்தில் மருத்துவர் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்மணிக்கு ஊசி வழியாகச் செலுத்தினார். அந்த அம்மையார் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆக, குறைபாட்டுக்கு மருந்து கிடைத்து நூறாண்டுக்கு மேலாகிறது.

இனி என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். சிசுவின் தைராய்டு பத்துப் பன்னிரண்டு வாரம் வரை ஹார்மோன் சுரப்பதில்லை. இருபதாவது வாரத்தை ஒட்டித்தான் அதன் உற்பத்தி ஓரளவு பெருகுகிறது. அதுவரை சிசுவின் மூளை வளர்வது தாயின் தைராக்சினைக் கொண்டு. அது நஞ்சுக்கொடி வழியே கடந்து வருகிறது. மூளையின் துணைச் செல்கள் அதை டி3 ஆக மாற்றிக் கொடுக்கின்றன. நரம்புச் செல்கள் உரிய அடுக்குக்கு இடம் பெயர்வதும், கிளை விடுவதும், மையலின் உறை பெறுவதும் இந்த ஹார்மோனின் கட்டளைப்படிதான். தைராய்டே இல்லாத சிசுவுக்குக்கூடத் தாயிடமிருந்து ஓரளவு கிடைத்துவிடுவதால், அது பிறக்கும்போது பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. தொப்புள்கொடி அறுபட்ட நொடியில் அந்த வரத்து நின்றுபோகிறது. இரத்தத்தில் இருக்கும் தைராக்சின் சில நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. மூளையோ தன் வாழ்நாளிலேயே மிக வேகமாக வளரும் காலத்தில் இருக்கிறது.

இந்த நாட்களில் வீட்டில் என்ன நடக்கிறது? குழந்தை நன்றாகத் தூங்குகிறது. அழுவதில்லை. பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருக்கிறது. பார்க்க வரும் உறவினர்கள் சாதுப்பிள்ளை, அம்மாவுக்குத் தொந்தரவே தராத பிள்ளை என்று சொல்லிப் போகிறார்கள். மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், வெயிலில் காட்டச் சொல்கிறார்கள். மலச்சிக்கலுக்கு ஒரு கைமருந்து. நாக்கு தடித்து, வயிறு உப்பி, தொப்புள் பிதுங்கி, யாருக்கும் ஐயம் வரும்போது மாதங்கள் ஓடிவிடுகின்றன. தாயைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. இந்தக் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிறந்தவுடன் தேர்ந்த மருத்துவரின் கண்ணுக்கும் அடையாளம் தெரிவதில்லை.

தாமதத்தின் விலையை 1972இல் வெளிவந்த பிட்ஸ்பர்க் ஆய்வு எண்களில் காட்டியது. பிறந்து மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கிய குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு 89. ஆறு மாதத்துக்குப் பின் தொடங்கியவர்களுக்கு 54. அடுத்த சில ஆண்டுகளிலேயே கனடாவின் கியூபெக்கில் டுசோ என்ற மருத்துவர், குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத் துளியை வடிதாளில் உலரவைத்துப் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் சோதிக்க முடியும் என்று நிறுவினார். இன்று, பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் லெவோதைராக்சின் என்ற தைராக்சின் மாத்திரையைத் தொடங்கி ஒழுங்காகத் தொடர்ந்தால், பெரும்பாலான குழந்தைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளிக்குப் போகிறார்கள். மாத்திரையைப் பொடித்துச் சிறிது தாய்ப்பாலில் கரைத்துப் பாலாடையில் புகட்டினால் போதும். ஒரு நாள் மருந்தின் விலை ஒரு தேநீரின் விலையைவிடக் குறைவு.

சோதனை எப்போது என்பதிலும் உடலியங்கியல்தான் வழிகாட்டுகிறது. தாயின் வெதுவெதுப்பிலிருந்து வெளியே வந்ததும் தாக்கும் குளிரைச் சமாளிக்க, பிறந்த அரை மணி நேரத்தில் சிசுவின் பிட்யூட்டரி, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனைப் பெருமளவில் வெளியிடுகிறது. தைராய்டு குறைபட்ட குழந்தைக்கும் டி.எஸ்.எச். மிகுந்திருக்கும் என்பதால், முதல் நாளில் இரத்தம் எடுத்தால் நல்ல குழந்தையும் நோயாளிபோலத் தெரியும். ஆகவே 48 மணி நேரத்துக்குப் பின், முடிந்தால் மூன்றாம் நாளில் எடுப்பது சிறப்பு. அதற்குள் தாயும் சேயும் வீடு திரும்பிவிடுவார்கள் என்றால் பிறக்கும்போதே தொப்புள்கொடி இரத்தத்தில் சோதிக்கலாம். பிரசவம் முடிந்து அவசரமாக வீட்டுக்கு அனுப்பும் நம் மருத்துவமனைகளுக்கு இந்த இரண்டாவது வழி பெரிதும் உதவும்.

இப்படிச் செய்ய இந்தியாவால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். இதே சுரப்பிக்காக நாம் முன்பே ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறோம். 1956இல் தொடங்கிய ஆய்வில் மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் இமயமலை அடிவாரத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் உப்பில் அயோடின் கலந்து கொடுத்து, கழலை குறைவதை நிரூபித்தார்கள். அதை அடியொற்றி 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. இன்று தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் விளையும் உப்பு, உணவுக்காக விற்கப்படும்போது நுகர்வோர் கைக்குச் சேருமிடத்தில் பத்து லட்சத்தில் 15 பங்கு அயோடினாவது கொண்டிருக்க வேண்டும் என்பது சட்டம். சூலுற்ற பெண்ணின் தைராய்டுக்கு அந்த உப்பு காவல். ஆனால் சுரப்பியே இல்லாமல் பிறந்த குழந்தைக்கு எந்த உப்பும் உதவாது. அங்கேதான் சோதனை தேவைப்படுகிறது. இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் இக்குறைபாடு காணப்படுகிறது. மேலை நாடுகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த கணக்கைவிட இது பல மடங்கு. கேரளம் தன் அரசு மருத்துவமனைகளில் இச்சோதனையைத் தொடங்கி வழி காட்டியிருக்கிறது.

எனவே இந்த அவையிடம் என் வேண்டுகோள். நாளை நிறைவு அமர்வில் மற்றத் தீர்மானங்களோடு இதையும் ஏற்றுங்கள்: தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் டி.எஸ்.எச். சோதனை செய்து, அதன் முடிவைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதித் தர வேண்டும். முடிவு ஐயத்துக்குரியதாக இருந்தால் பெற்றோரைத் தேடிச் சென்று அழைத்து வரும் பொறுப்பு கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைக்கப்பட வேண்டும். மாணவர்களே, நீங்கள் பயிற்சி மருத்துவராகப் பிரசவ வார்டில் நிற்கும் முதல் நாளிலேயே, எந்த ஆணைக்கும் காத்திராமல், இந்தக் குழந்தைக்கு டி.எஸ்.எச். பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

மாநாடு தொடங்கியதாக அறிவிக்கிறேன்.